ஏலச் சீட்டுக்கு அடியில்

சபைக் கோயிலின் ஸ்தோத்திரப் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் ஊரே பூசணிக்காயும் சேவலும் எடுத்துக்கொண்டிருக்க, ஜாபேஸ் மட்டும் சொப்பனத்தில் நடப்பவரைப் போலக் கையைத் தூக்கி ஒரு லேப்டாப்பை எடுத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ காணிக்கையாகப் போட்டது. கரண்ட் கொடுக்கும் அடாப்டர் கூட வரவில்லை. ஆண்டவர் சமுகத்தில் தூக்கிய கையை இறக்க முடியுமா?

“பூசணிக்காய எடுத்திருந்தா கூட்டாவது வச்சிருப்பேன்” என்றாள் மனைவி ஹெப்சிபா.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் ஜாபேஸ் டைப்பிஸ்ட். ஊரார் சண்டையெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகும். தலை நரைக்கத் தொடங்கியும் தனக்கென்று ஒரு வரி அடித்ததில்லை. டைப்ரைட்டரில் ஓர் எழுத்து பிசகினால் வெள்ளை மை பூச வேண்டும். காய்ந்த பிறகும் வடு தெரியும். லேப்டாப்பில் அழித்தால் சுவடே இருக்காதாம். அதில் சொந்தமாக ஏதாவது எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என்ன எழுத என்று கேட்டால் மனுஷன் முழிப்பார். பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் போகும்போது, வெயிலில் மினுங்கும் தாமிரபரணிக்கு மேலே வெளிச்சமான வெற்றுப் பக்கம் ஒன்று மிதப்பதாகத் தோன்றும். அந்த மயக்கத்தில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவார்.

யானையை வாங்கிவிட்டு அங்குசம் தேடிய கதையாக, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஜங்ஷனில் மைதீன் பாத்திமாவின் ரேடியோ சாமான் கடைக்குப் போனார்.

“எத்தன வோல்ட்டு அண்ணாச்சி? அடியில எழுதியிருக்குமே.”

எழுதியிருக்கும்தான். அதன்மேல் ஏல எண் சீட்டை மைதா பசை போட்டு யாரோ பக்தியோடு ஒட்டியிருந்தார்கள்.

“கிழிச்சுப் பாத்துருவமா?”

“வேண்டாம்மா. ஜெபம் பண்ணிக் கொடுத்தது.”

“அப்ப எல்லாத்துக்கும் சேருத இந்த அடாப்டர எடுத்துக்கோங்க. இந்தக் குமிழப் பன்னெண்டுலருந்து இருபது வரைக்கும் திருப்பி வச்சுக்கிடலாம். ஆனா தெரியாம மட்டும் கூட்டிராதீங்க. உள்ள எரிஞ்சிட்டுன்னா பொறவு ஒண்ணும் செய்ய முடியாது.”

வீட்டில் அடாப்டரோடு வந்த முனைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்று சரியாகப் பொருந்தியது. பன்னிரண்டில் வைத்தார். திரை இருட்டாகவே இருந்தது. அந்த வெளிச்சப் பக்கம் இதோ, ஒரு திருகு தூரத்தில்தான் இருப்பதாகப்பட்டது. கடைக்காரி சொன்னது காற்றோடு போயிற்று. ஸ்விட்சை அணைத்துவிட்டு, குமிழை இருபதுக்கே திருப்பினார்.

“பொறுங்க!” ஹெப்சிபா ஈரத்துணியோடு வந்தாள். “பசைக்கு எறும்பு ஏறுது, பாக்கலியா?” என்று லேப்டாப்பைக் கவிழ்த்து அழுத்தித் துடைத்தாள்.

“ஏட்டி, ஜெபம் பண்ணின சீட்டு!”

“ஜெபத்தக் கேட்டவரு சீட்டு இல்லாட்டியும் கேப்பாரு.”

சீட்டு சுருண்டு வந்தது. அடியில், பதினைந்து வோல்ட். இருபதில் போட்டிருந்தால் உள்ளே எரிந்திருக்கும். ஜாபேஸ் குமிழைப் பதினைந்துக்கு இறக்கி ஸ்விட்சைப் போட்டார்.

திரை மெல்ல வெளுத்தது. ஆற்றின்மேல் பார்த்த அதே பக்கம். விரல்கள் தாமாகவே ஓடின: ‘கனம் நீதிபதி அவர்களுக்கு, மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று இங்கிலீஷில் வந்து நின்றது. இவ்வளவு ஆசைப்பட்டும் உள்ளே இருப்பது இதுதானா?

ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். உண்மையாகவே வடு இல்லை. பிறகு, யாரும் சொல்லாமல் தானாக அடிக்கும் முதல் வரியைப் பைய அடித்தார்.

“என்ன போட்டிருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள் ஹெப்சிபா.

“ஹெப்சிபா சொன்னதுதான் சரி, சீட்டு இல்லாட்டியும் ஆண்டவர் கேப்பாரு” என்று வாசித்துக் காட்டினார் ஜாபேஸ்.

“இதுக்கா இம்புட்டுப் பாடு!” என்றாள். ஆனால் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அழிச்சிராதீங்க.”