பேச்சு நிற்காத நடை

பழமலை, பீங்கான் சூளையில் முப்பது வருடம் உழைத்தவர். வீட்டில் பத்து வார்த்தைகூடப் பேசமாட்டார். இதய அடைப்புக்குப் பின் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து, ஓய்வுபெற்ற டீச்சர் கோமளத்துடன் கோயில் மதிலைச் சுற்றிச் சிரித்துப் பேசி நடந்தார். மனைவி அன்புக்கரசியின் வயிறு எரிந்தது.

ஒரு காலை அவளும் கூடவே கிளம்பினாள்.

“டீச்சரம்மாகிட்ட அப்படி என்னத்த பேசுறீங்க?”

“பேசிக்கிட்டே நடக்கணுமாம். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தியாம். டாக்டரு சொன்னாரு.”

“வூட்ல பேசக்கூடாதுன்னும் அவருதான் சொன்னாரா?”

பழமலை நடையை எட்டிப்போட்டார். தெற்குக் கோபுரத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்பது வருடக் கேள்விகள் தொண்டையிலேயே நின்றன. அவர் நடையைக் குறைத்தார்.

“மெதுவா போவலாம். நீ பேசு.”

முன்னால் போன கோமளம் திரும்பினாள். அவள் பார்க்கட்டும் என்றே அன்புக்கரசி கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.