இறால் ஹேச்சரி வெப்சைட்டில் நான் வைத்த ஒரு வரி

1. சிவப்புத் திரை

அன்று காலை வந்த முதல் போன் பொன்னேரிப் பக்கத்துப் பண்ணைக்காரருடையது. எங்கள் ஏழாம் தொட்டிக் குஞ்சுகளை வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தவர்.

"இன்னாமா, ஒங்க வெப்சைட்ட தொறந்தா செவப்பா வருது. ஆபத்து, உள்ள போவாதன்னு போட்டுகீது. ஒங்க சைட்டே சீக்குல கீது, குஞ்ச எப்பிடி நம்புறது?"

"ரிப்போர்ட்ட வாட்ஸப்புல அனுப்புறேன் சார்."

"வாட்ஸப்புல யாரு வோணா இன்னா வோணா அனுப்புவான். சைட்ட சரி பண்ணிட்டு சொல்லு, வண்டி அனுப்புறேன்."

கடப்பாக்கத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், இறால் குஞ்சு பொரித்து விற்கும் ஒரு ஹேச்சரியில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். குஞ்சுகளுக்கு நோய் இல்லை என்று லேப் கொடுக்கும் ரிப்போர்ட்டை வெப்சைட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. வெப்சைட் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். படித்தது பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

ஏழாம் தொட்டிக் குஞ்சுகள் விற்கும் பருவத்தை எட்டியிருந்தன. அதற்கு மேலும் நெருக்கமாக வைத்திருந்தால் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். பிறகு பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இமை முடி போன்ற உடம்பு. உள்ளே குடல் ஓடும் கோடு வரை தெரிகிறது. தொட்டி நிறைய இருக்கும் இத்தனை உயிர்களையும் எங்கேயோ ஒரு திரையின் நிறம் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பதை நினைக்க மலைப்பாக இருந்தது.

2. ஹெட் எங்கே இருக்கிறது?

முதலாளி துரைராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "சைட்டு பண்ண பையன் துபாய் பூட்டான். போன் எடுக்க மாட்டேங்குறான்."

"நான் பாக்குறேன் சார்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். படிச்சுப் பாக்குறேன்."

வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தேன். யாரோ உள்ளே நுழைந்து கெட்ட கோப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அதைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் அந்தச் சிவப்பு எச்சரிக்கையைத் தேடுபொறிக் கம்பெனிதான் நீக்க வேண்டுமாம். "சைட் உங்களுதுன்னு நிரூபிங்க மேடம். அப்புறம் மறுபடி பரிசோதிக்கச் சொல்லி ரிவ்யூ கேளுங்க," என்றது அந்தப் பெண் குரல்.

நிரூபிக்க வேண்டும் என்றதும் லைசென்ஸ், ஜிஎஸ்டி சான்று, முதலாளியின் ஆதார் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். தேடுபொறிக் கம்பெனியின் பக்கம் அதில் எதையும் கேட்கவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரே ஒரு வரியைக் கொடுத்தது. அதை முகப்புப் பக்கத்தின் ஹெட் பகுதியில் வைக்கச் சொன்னது.

ஹெட் என்றால் தலை. ஆகவே பக்கத்தின் உச்சியில், ஹேச்சரியின் பெயருக்கு மேலே அதை ஒட்டினேன். தொட்டி வேலை பார்க்கும் லூர்து அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், கண்ணு படக்கூடாதுன்னு மந்திரம் எழுதி வச்சிகீறியா?"

சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தினேன். தோல்வி என்று வந்தது. ஒட்டியதை அழித்துவிட்டு, எங்கள் வெப்சைட்டின் செட்டிங்ஸில் இருந்த ஒவ்வொரு பெட்டியின் கீழும் எழுதியிருந்ததைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே போனேன். ஒரு பெட்டியின் கீழே, இங்கே வைப்பது பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரங்கள் மட்டும் படிக்கும் என்று இருந்தது. அவர்கள் சொன்ன ஹெட் இதுதான் என்று புரிந்தது. அதில் ஒட்டிச் சேமித்தேன். மறுபடி அழுத்தினேன்.

பச்சை டிக். அதன் பக்கத்தில் என் பெயர். பெயருக்கு எதிரே 'உரிமையாளர்'.

எங்கள் குடும்பத்தில் எதை நிரூபிப்பதென்றாலும் யாராவது பெரிய மனிதர் எங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்த இயந்திரம் நான் யார் மகள், எந்தக் காலனி என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வரியை வைக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்தது. ஆறிப்போன டீயைக் குடிக்கத் தோன்றாமல் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. போட்டதை எடுத்தேன்

ஹேச்சரியில் ஒரு சட்டம் உண்டு. தொட்டிக்குள் வலை, தெர்மாமீட்டர் எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் வெளியே எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். மறந்தால் அதிலிருந்தே நோய் பரவும். நான் ரிவ்யூ கேட்டு அனுப்பினேன். வேலை முடிந்தது என்று அந்த வரியையும் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மெயில் வந்திருந்தது. உரிமை உறுதியாகவில்லை.

ஹோஸ்டிங் கம்பெனிப் பெண் சிரித்தேவிட்டாள். "ஏன் மேடம் எடுத்தீங்க? அவங்க அப்பப்ப வந்து பாப்பாங்க. அது எப்பவும் அங்கேயே இருக்கணும்."

வெளியே முதலாளி லூர்து அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஒண்ண ஒண்ணு கடிக்க ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சிகினு கீது சார். பாதிய எட்டாம் தொட்டிக்கு மாத்திட்டேன். நாளைக்கு மேல தாங்காது."

அந்த வரியைத் திரும்ப வைத்தேன். பச்சை டிக் திரும்ப வந்தது. ரிவ்யூ இன்னும் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. லூர்து அண்ணனோடு நின்று தீனி போட்டேன்.

அடுத்த நாள் மதியம் சிவப்புத் திரை போய்விட்டது. உடனே பொன்னேரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"நீ சொன்னா ஆச்சா? இரு, நானே தொறந்து பாக்குறேன்." போனைத் தட்டும் சத்தம் கேட்டது. "வந்துச்சுமா. ரிப்போர்ட்டும் தொறக்குது. வண்டி கெளம்புது."

சாயங்காலம் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் குஞ்சுகள் வண்டி ஏறின. பைகளுக்குள் ஆடும் நீரில் அவை எதிர்நீச்சல் போட்டன.

இந்த மாதிரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தெரியாது என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், அதில் அவமானம் இல்லை. நம்முடையது என்று ஒருமுறை காட்டிவிட்டால் முடிந்துவிடாது, சரிபார்க்கிறவர்கள் எப்போது வந்து பார்த்தாலும் நாம் வைத்தது அங்கே இருக்க வேண்டும்.

வண்டி போன பிறகு முதலாளி என் திரையின் முன் வந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஓனர்னு ஒம் பேரு போட்டுகீது! அப்ப நான் யாரு?"

"உங்களையும் சேத்துடறேன் சார்."

அவருடைய மெயிலை டைப் செய்தேன். இவரை உரிமையாளராகச் சேர்க்கலாமா என்று திரை என்னிடம் கேட்டது. அவர் பக்கத்திலேயே நின்று காத்துக்கொண்டிருந்தார். நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன்.