கிணற்று முறை சொன்ன காளை

காவிரியில் வெள்ளம் வந்து ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்தி வைத்திருந்தார்களே, அந்த ஆடியில்தான் நான் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லப் பழகினேன். வெள்ளம் பார்க்கப் போனவன், கிட்டே விடாமல் விரட்டியதால் பொரித்த மீனை மட்டும் தின்றுவிட்டுப் பென்னாகரம் பஸ்ஸில் திரும்பினேன். பஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்றைக்கும் ‘பெ’ என்றால் எனக்குப் பென்னாகரம்தான்.

வீட்டுக்கு வந்தால் மருமகள், படிக்கும்போது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்பில் வண்ண வண்ணக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டையிலும் தமிழில் ஒரு கட்டளை. அடுக்கியபடியே திரையிலிருக்கும் பொம்மை செய்கிறது. நானும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காளைப் படத்தை வைத்து, என் குரலில் ‘வணக்கமுங்க’ என்று பேசி, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டைக்குள் மாட்டினேன். காளை விடாமல் வணக்கம் சொன்னது.

“மாமா, அத நிறுத்துங்க! எருமை மெரளுது!”

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. இந்த வயதில் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்ய ஒன்று கிடைத்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

நான், அண்ணி, தம்பி மூவருக்கும் ஒரே கிணறு. நாளுக்கு ஒருத்தர் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அண்ணன் போன பிறகு, இன்றைக்கு யார் முறை என்று ஓயாத சண்டை. இன்னொரு தரம் சண்டை வந்தால் தனியாகப் போர்வெல் போட்டுக்கொள்வேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். பக்கத்தில் போர் இறங்கினால் கிணறு வற்றிவிடும். அதுதான் என் பயம். காளை சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? மூன்று பேர் முறையையும் என் குரலில் பேசி, வரிசையாகக் கட்டைகளுக்குள் மாட்டினேன். விடிந்தால் அடுத்த ஆள். காலையில் காளை பேசுவதைக் கேட்கவே இரண்டு வீட்டிலிருந்தும் டீ டம்ளரோடு வந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் டிரான்ஸ்பார்மர் புகைந்து, பகல் முழுக்க கரண்டு இல்லை. அன்றைக்கு அண்ணி முறை. மறுநாள் காலையில் காளை, “தம்பி முறைங்க” என்றது. தம்பி துள்ளிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினான். அண்ணி வழி மறித்தார்.

“கரண்டில்லாத நாளு என்னிக்குங்க கணக்குல சேர்ந்துச்சு? என் தக்காளிச் செடி தலசாஞ்சு கெடக்குது!”

“கம்ப்யூட்டரே சொல்லிருச்சு அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?”

“அதுக்கு நம்ம கெணத்து வழக்கம் தெரியுமா? கொழுந்தனாரே, உங்க மாட்ட நீங்களே கட்டிக்குங்க. நான் போர் வண்டிக்குச் சொல்லப் போறேன்.”

அண்ணி சொன்னது சரிதான். கரண்டு இல்லாத நாள் முறையில் சேராது, விட்டவருக்கே மறுநாள். ஊருக்கே தெரிந்த சங்கதி என்பதால் காளைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை!

“அண்ணி, ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் பொறுங்க” என்று லேப்டாப்பைக் கொட்டகைக்கே தூக்கிப் போனேன். ‘இப்படி என்றால் இதைச் செய்’ என்கிற கட்டையைத் தேடி எடுத்தேன். நேற்று கரண்டு வந்தது என்றால் அடுத்த ஆள், வரவில்லையென்றால் அதே ஆள். கேள்வியையும் என் குரலிலேயே பேசி வைத்தேன். அழுத்தினேன்.

“நேத்து கரண்டு வந்துச்சுங்களா?” என்றது காளை. அண்ணியே குனிந்து ‘இல்லை’யை அழுத்தினார்.

“அண்ணி முறைங்க.”

“அட, இப்பத்தான் நம்மூட்டு மாடாட்டம் பேசுது!” அண்ணி வாய்விட்டுச் சிரித்தபடி மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்ட, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வரப்பில் நின்று கைதட்டினேன். போர் வண்டிப் பேச்சு அதோடு நின்றது.

தம்பி விடவில்லை. “பாதி நேரம் வந்து நின்னுபோச்சுன்னா?”

அதற்கு எங்கள் கிணற்றில் வழக்கம் எதுவும் இல்லை. மறுபடி சிரிப்பு, மறுபடி சண்டை, ஆனால் சேர்ந்து உட்கார்ந்து போட்ட சண்டை.

கூட்டுக் கிணறு உள்ளவர்கள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். காளையைச் சும்மாவே தருகிறேன். பாதி நாள் கரண்டுக்கு அவர்கள் கிணற்றில் என்ன வழக்கம் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.