பாலத்து இறக்கத்தில் அஞ்சலாட்சி

படகு இழுக்கிறவர்கள் சங்கத்தில் ஒரு விதி. புதிதாகச் சேருகிறவர் தன் டிரெய்லரில் பைபர் படகை ஏற்றிக்கொண்டு, துறைமுகச் சாலைப் பாலத்தின் மேலிருந்து இறங்கி வரவேண்டும். கீழே போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும். நின்றால் வாடகைக்கு முறை கிடைக்கும். கோட்டைத் தாண்டினால் அடுத்த வருஷம் வரை பேச்சே கிடையாது.

பொழுது போகாமல் போட்ட விதி இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்காருகிற இடம். பிரேக் இல்லாத டிரெய்லர் ஒன்று, இழுத்து வந்த வண்டியையே தள்ளிக்கொண்டு போய் ஒரு பெண்ணின் காலை நசுக்கியது. அதற்குப் பிறகு போட்டது. தொழிலாளி போடுகிற விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. அடிபட்டவள் பெயர் மட்டும் யாருக்கும் நினைவில் இருக்காது.

அஞ்சலாட்சி பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். முதலியார்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் செல்வகுமார் வைத்திருந்த பைக் ஒர்க் ஷாப்பில் சோறு கொடுக்கப் போனவள், சக்கரம் கழற்றக் கற்றுக்கொண்டாள். ரோடு அகலமானபோது கடை போனது. அவன் கம்பெனி வேலைக்குப் போனான். அவள் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டினாள். காய்கறி ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படகு இழுக்க ஆள் குறைவு. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அத்தனை படகும் பழுதுக்குக் கரையேறும். அந்த வரிசையில் அவளுக்கு ஒரு முறை வேண்டும். அவ்வளவுதான்.

டிரெய்லர் பிரூனோவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு உப்பளம் பகுதிக்குத் திரும்பிய தமிழர். அங்கிருந்து படகோடு கொண்டுவந்த டிரெய்லர். படகை விற்றுவிட்டார், இது சும்மா நின்றது; அஞ்சலாட்சி கேட்டதும் கொடுத்தார். ஊரில் இருக்கிற மற்ற டிரெய்லர்களைப் போல இல்லை, இதற்குத் தனியாக பிரேக் உண்டு. முன்வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளு கொக்கியில் இருக்கிற சிலிண்டரை அமுக்கும். பிரேக் ஆயில் ஓடி, இரண்டு சக்கரத்திலும் பேட் கட்டை போய் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டைக் கவ்வும். கவ்வினால் சரி. இது கவ்வவில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். பேட்டைப் பிடித்திருக்கிற காலிப்பர் நகர வேண்டிய பின்கள் உப்புத் தண்ணீரில் துருவேறி இறுகிக் கிடந்தன. உள்பக்கத்து பேட் இரும்பு வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்து பேட் வேலையே செய்யாமல் கொழுத்திருந்தது.

"முசே, இத கடைசியா யாரு கழட்டனது?" பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, அவரை முசே என்றுதான் கூப்பிடுவாள்.

"பிரான்ஸ்ல, துலோன்ல ஒருத்தன். அப்ப எனக்கு தலையில முடி இருந்துச்சு."

பேட் இங்கே கிடைக்கவில்லை. பிரூனோவின் மகள் அனைஸ் லீவுக்கு வந்தபோது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு செட்.

பின்களைச் சுரண்டி, கிரீஸ் தடவி, காலிப்பரின் பிஸ்டனை கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளினாள். அங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். கொக்கிப் பக்கத்து ஆயில் டப்பா நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளிவிட்டாள். பிஸ்டன் திருப்பித் தள்ளிய ஆயில் டப்பாவில் பொங்கி வழிந்து, நீலப் பெயிண்ட் கொப்பளித்தது.

"அலோர், என் பெயிண்ட் போச்சு," என்று பிரெஞ்சு கலந்து அலுத்துக்கொண்டார் பிரூனோ.

"பெயிண்டா முசே வண்டிய நிறுத்தப் போவுது," என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். முகம் சுருங்கித்தான் போயிற்று. அடுத்த சக்கரத்துக்கு முதலில் டப்பாவைத் திறந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கிளாம்ப்பைத் தொட்டாள். பிறகு காலி மைதானத்தில் டிரெய்லரை இழுத்து, மெல்ல மெல்ல நிறுத்தி, பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும் வரை ஓட்டினாள்.

சோதனை நாள் காலையில் பாலத்து உச்சியில் வண்டி நின்றது. அஞ்சலாட்சி மேலே ஏறிப் படகுக்குக் கயிறு கட்டிவிட்டு இறங்கினாள். சங்கச் செயலாளர் இராமதாஸ் பூசைத் தட்டோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் தேங்காய் எண்ணெய் நனைத்த துணி. ஆயுத பூசைக்கு இரும்பையெல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துப் பொட்டு வைக்கிற ஊர். பழக்கம். சக்கரத்துச் சந்து வழியே கையை விட்டு டிஸ்க்கையும் துடைத்து, மூன்று சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

"அண்ணே, அந்த பிரேக் தட்டுலயுமா எண்ண தடவனீங்க?"

"தடவாம? துரு பூத்துக் கெடந்துச்சு. இப்ப பாரு, மூஞ்சி தெரியுது. ரெண்டு பக்கமும் முடிச்சிட்டேன்."

மனுஷர் நல்ல மனசோடுதான் செய்தார். நல்ல மனசு பிரேக் பிடிக்காது. இப்படியே இறங்கினால் பேட் எண்ணெயைக் குடிக்கும், வழுக்கும். வண்டி கோட்டைத் தாண்டும். இருப்பது ஒரே செட். துடைத்தால், முறை கொடுக்க வேண்டிய ஆளின் பூசையை அவர் கண் முன்னாலேயே அழித்த மாதிரி.

அஞ்சலாட்சி ஜாக்கியை எடுத்தாள்.

"என்னாம்மா பண்ற?"

"கழட்டறேன். தொடைக்கணும்."

"சாமி காரியத்த தொடைப்பியா நீ?"

வேடிக்கை பார்த்த ஹரிகிருஷ்ணன் பத்து வருஷமாகப் படகு இழுக்கிறவர். "எறங்க பயம்னா சொல்லிடும்மா. சாமி மேல ஏன் போடற?"

"பயந்தாண்ணே. கீழ உக்காந்துனு இருக்காங்களே, அவுங்கள பாத்தா உங்களுக்கு பயமா இல்லியா?"

ஹரிகிருஷ்ணன் கீழே கோட்டுப் பக்கம் பார்த்தார். கூடையோடு பாலமேறி வந்துகொண்டிருந்த மீன்காரி ஆயம்மாதான் வாயைத் திறந்தாள். "டேய் இராமதாசு, எண்ண போட்ட சட்டியில மீனே ஒட்டாது. இவ படகு ஏத்தினு வரா. வழுக்கினா எங்க மேலதான்டா வந்து வுழும்."

நாலு பேர் சிரித்தார்கள். இராமதாஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தார்.

"வண்டி இன்னும் உருளல, பேட்டுல எண்ண ஏறல," என்றாள் அஞ்சலாட்சி. "தட்ட மட்டும் கழுவனா போதும். பொட்டு வேணாங்கலண்ணே. சக்கரத்து நடு மூடியில வைங்க. எத்தன வேணா வைங்க."

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு, சோப்புத் தண்ணீரால் டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் தேய்த்தாள். பிறகு பிரேக் கழுவுகிற ஸ்பிரே. டப்பா பாதியில் தீர்ந்துபோக, ஹரிகிருஷ்ணன் இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை உருவினார்.

"இத ஊத்திப் பாரேன். எந்தப் பிசுக்கும் போவும்."

"பிராந்தியில சக்கர இருக்குண்ணே, ஒட்டும். உங்க வயித்துக்கே வச்சிக்கங்க."

இரண்டாவது டப்பாவுக்கு பிரூனோ ஸ்கூட்டரில் போய்வந்தார். வெள்ளைத் துணியை டிஸ்க்கில் ஓட்டினாள். துணி வெள்ளையாகவே வந்தது. சக்கரம் மாட்டி நட்டுகளை இறுக்கியதும், இராமதாஸ் குந்தி நடு மூடியில் சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தையும் அவரே சக்கரத்தடியில் வைத்தார்.

வண்டி இறங்கியது. பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள். முதுகுக்குப் பின்னால் படகின் கனம் ஒரு உந்து உந்தியது. அடுத்த மூச்சில், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல அந்த உந்து அடங்கியது. வண்டி நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல், மெதுவாகி நின்றது. கோட்டுக்கு முன்னால் ஒரு மீன்கூடை வைக்க இடம் மிச்சம்.

இராமதாஸ் நடந்து இறங்கி வந்து டிரெய்லரைச் சுற்றினார். குனிந்து பார்த்தார். "நாளையிலேர்ந்து உனக்கு முறை உண்டு," என்றார். பிறகு, கூட்டத்தில் தீர்மானம் போடுகிற குரலில், "இனிமே யாரும் பிரேக்குல எண்ண தொடக்கூடாது. நானுந்தான்."

மற்றவர்கள் நகர்ந்த பிறகு ஹரிகிருஷ்ணன் பக்கத்தில் வந்தார்.

"என் டிரெய்லரையும் ஒரு தபா பாக்கறியாம்மா? அதுக்கு பிரேக்குனு ஒண்ணு மாட்டவே இல்ல. எனக்கு விதி போடறதுக்கு முன்னாலயே முறை வந்துடுச்சு."

அஞ்சலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம எடுத்துனு வாங்கண்ணே. மாட்ட முடியுமான்னு பாக்கலாம்."