தண்ணீரைப் பற்றிய பாடம்

பாகூரில் எங்கள் கரும்புக்கு மோட்டார் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து போனில் சீனத்துத் தாவோ தத்துவ வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் எதையும் எதிர்க்காமல் தாழ்ந்த இடத்துக்குப் போகிறது, மனிதனும் அப்படியே இருக்கவேண்டுமாம். என்னைப் போன்ற சோம்பேறிக்கு இதைவிட வசதியான ஞானம் கிடைக்குமா? மடை மாற்ற மறந்தே போனேன்.

தண்ணீர் மட்டும் பாடத்தில் சொன்னபடி நடந்துகொண்டது. வரப்பை உடைத்துக்கொண்டு, கீழ் நிலத்து அக்கா பிடுங்கிப் போட்டிருந்த வேர்க்கடலைச் செடிகளுக்குள் புகுந்துவிட்டது. அவர் ஓடிவந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

“கூப்ட்டு கூப்ட்டு தொண்டையே வத்திப்போச்சு தம்பி. மல்லாட்டை பூரா நனைஞ்சிபோச்சு. காதுல இன்னா, பாட்டா?”

“ஆமாக்கா” என்றேன்.

நனைந்த செடிகளை இருவரும் மேட்டுக்கு அள்ளினோம். தண்ணீரைப் பற்றித்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?