அம்மா அடிக்காத மணி

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் மலையைத் தேடினால் கேணியும் கடலும்தான் கிடைக்கும். உரும்பிராயில் தோட்டக்காணிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு உயரம் என்றால் பனைமரம், அதை விட்டால் கோயில் கோபுரம். அந்தத் தட்டை மண்ணில் பிறந்து, முழங்கால் வருத்தத்தோடு திரிந்த அம்மா, போயும் போயும் தெற்கே மலைநாட்டில், ஆயிரக்கணக்கில் படி ஏறவேண்டிய சிவனொளிபாதமலைக்கு நேர்த்தி வைத்தார்.

நேர்த்தி அண்ணனுக்காக. ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான் என்று கொஞ்சக் காலம் செய்தி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, பிடிபட்ட பெடியன்களை விட்டபோது எங்கள் ஒழுங்கைக்கே இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. "பிள்ளை வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுவேன்" என்பதுதான் அம்மாவின் நேர்த்தி. மாதங்கள் போகப் போக அவருக்குப் பொறுமை கெட்டது. ஒருநாள் தன் தம்பியை, அதாவது என் மாமாவை, கூப்பிட்டு, மலைக்குக் கூட்டிப்போ என்றார்.

"அக்கா, கேட்டது கிடைச்ச பிறகுதானே நேர்த்தியைத் தீர்க்கிறது?" என்றார் மாமா.

"தீர்க்க ஆர் போறது? ஞாபகப்படுத்தப் போறன்."

கடவுளுக்கு மறதி என்று அம்மா நினைத்திருந்தார். எனக்கு அந்த நேரம் கடவுள்மேல் அந்த அளவு மரியாதைகூட இல்லை. அப்பா செத்து, அண்ணனும் இல்லாத வீட்டில் பெட்டைப்பிள்ளை தனியே இருக்கப் பயந்துதான் நானும் வெளிக்கிட்டேன்.

மாமா முன்பு மலைநாட்டில், அட்டன் கடையொன்றில் வேலைக்கு நின்றவர்; சிங்களம் நன்றாகத் தெரியும். பஸ் ஏறியதிலிருந்து எங்களுக்கு ஒரே புத்திமதி. "மலையிலை தமிழ் கதைச்சால் பறவாயில்லை, தேயிலைத் தோட்டத்துச் சனமும் வரும். யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கப்படாது. ஆமாவுக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ." அம்மா தலையாட்டினார். "ஓம்" என்றார்.

மஸ்கெலியாவில் பெரிய நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு பாதை போனது. வெயில் காலம், தண்ணீர் வற்றியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் சேற்றுக்குள்ளிருந்து வெளியே தெரிந்தது. விளக்கில்லை, பூசையில்லை, சுவரெல்லாம் பாசி. பஸ் யன்னலுக்குள்ளால் அம்மா கைகூப்பினார். "தண்ணிக்குள்ளை கிடந்தும் வெளியிலை வந்திருக்கு, பாத்தியே பிள்ளை" என்றார். அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். மழை வந்தால் திரும்பவும் மூழ்கும் என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

விடியப்புறம் சூரியன் பார்க்கத்தான் எல்லோரும் ஏறுவார்கள். இரவில் எங்களைக் கூட்டிப்போக மாமாவுக்குத் துணிவில்லை. காலை வெளிச்சம் வந்த பிறகு ஏறினோம். இறங்கி வந்த சனம் பாடிக்கொண்டே வந்து, அம்மாவின் நடையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. அம்மா ஒவ்வொரு படிக்கும் கையால் முழங்காலை அமத்திக்கொண்டு ஏறினார். பாதித் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. "தம்பி, எனக்குச் சீனி குறைச்சுப் போடுங்கோ" என்று அம்மா சொன்னதும் மாமாவின் முகம் செத்துப்போனது. கடைக்காரப் பையன் நிமிர்ந்தான். "யாழ்ப்பாணமா அம்மா? உக்காருங்க, கால நீட்டுங்க" என்றான், அவ்வளவுதான். மாமா தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. நாலு பக்கமும் முகில். இதற்காகவா இவ்வளவு ஏறினோம் என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா, சிவன் பதித்தது என்று கும்பிடுகிற பாதத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வெகுநேரம் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பிறகு மணி. அங்கே ஒரு வழக்கம்: எத்தனை தரம் மலை ஏறினாயோ அத்தனை தரம் மணியடிக்க வேண்டும். மாமா நாலைந்து தரம் அடித்தார். நான் ஒன்று அடித்தேன். அம்மா மட்டும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடியுங்கோ அம்மா."

"நான் அடிக்கேல்லை. அவனோடை வாறன் எண்டுதானே சொன்னனான். இது கணக்கில்லை. அவன் வரட்டும், வந்த பிறகு அடிக்கிறன்."

"இந்தக் காலோடை இன்னொருக்கா ஏறப் போறியளோ? விசர்க்கதை கதையாதேங்கோ!" என்று கத்தினேன். என் தமிழ் மலை முழுக்கக் கேட்டிருக்கும். மாமா என்னை அடக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா, வெட்கப்படுகிறார் என்று நினைத்தோ என்னவோ, அம்மாவின் கையைப் பிடித்து மணிக்கயிற்றில் வைத்தார். அம்மா கையை இழுத்துக்கொண்டார். மாமா சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த மனுசி அம்மாவின் தோளை மெல்லத் தடவிவிட்டு, தன் முறைக்கு அடிக்கத் தொடங்கினார். பலதரம் ஏறியவர்போல. மணி நிற்கவேயில்லை. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் இறங்கினோம்.

அண்ணன் வரவில்லை. திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. மலையைப் பற்றி யாராவது கேட்டால் "நான் இன்னும் ஏறேல்லை" என்று அம்மா சொல்வார். கூடவே ஏறிய என்னை வைத்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கொட்டும் மழை. மாமாவின் சைக்கிள் கரியரில் அம்மாவை இருத்தி, நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். நாவற்குழிப் பாலத்தில் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவில் சனம். "மலையிலையாவது விலத்தி வழி விட்டவை" என்றார் அம்மா. 

நாங்கள் அகதியாய்த் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், மார்கழியில், அம்மா காய்ச்சலில் செத்துப்போனார். கொள்ளி வைக்க மகன் இல்லை; மாமாதான் வைக்க வேண்டியிருந்தது. செத்தவீட்டில் அடிக்கிற சேமக்கலமும் ஊதுகிற சங்கும் எல்லாம் ஊரிலேயே விடுபட்டுப்போயின. பிரேதத்தைத் தூக்குகிற நேரம், சத்தமில்லாமல் எப்படி அனுப்புவது என்று ஆட்கள் யோசித்தார்கள். மாமரத்தில் பள்ளிக்கூட மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை அடிக்கலாம் என்று யாரோ சொல்ல, மாமா இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அடிக்க வேண்டாம் மாமா. அண்ணை இன்னும் வரேல்லை."

மாமா என்னைப் பார்த்தார். கம்பியை மரத்தடியில் வைத்துவிட்டு வந்து அம்மாவைத் தூக்கினார்.