மழை அறையில் ரிம்மா

தலைத்துணியை அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டு, கடைசி சீட்டில் ஒரு கம்பளித் துண்டை விரித்து உட்காருகிறார் ரிம்மா திகோனொவ்னா. உள்ளங்கைகளை மடியில் மேல்நோக்கி விரிக்கிறார். கண்களை மூடுகிறார். பஸ்ஸுக்கு வெளியே, மழை அறையின் குழாய்கள் திறக்கின்றன. கூரையிலும் நான்கு பக்கமும் தண்ணீர் அறைகிறது. பதினைந்து நிமிடத்தில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை என்றால்தான் புது பஸ் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்.

முப்பத்தோரு வருடமாக இதே வேலை. உடன் ஏறுகிறவர் இயக்குநரே ஆனாலும் அதட்டல் உண்டு: "வெறும் சீட்ல உக்காராதீங்க, குளிரு ஏறிடும்! ஒரு காகிதமாவது போட்டுக்கங்க."

ரஷ்யாவின் ஓகா நதிக்கரையில் சுத்தியலும் இடுக்கியும் செய்த பட்டறை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பஸ் கட்டத் தொடங்கி, தேசத்தையே ஏற்றிக்கொண்டது. பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும், கிழவர் சவப்பெட்டியில் இடுகாட்டுக்குப் போனதும் அதே வட்ட மூக்கு பஸ்ஸில்தான். சோவியத் உடைந்த தொண்ணூறுகளில், காசில்லாமல், சம்பளத்துக்குப் பதிலாக வாணலி கொடுத்தார்கள். ரிம்மா வீட்டில் பதினொரு வாணலி இருக்கிறது. "பஸ்ஸுதான் ஓடல, வறுவல் நல்லா ஓடுச்சு" என்பார். இன்றும் நாட்டின் சிற்றூர்களில் இரண்டு பஸ்ஸில் ஒன்று இவர்களுடையது. நகரங்கள்தான் சீன பஸ்களைப் பார்த்துக் கண் சிமிட்டுகின்றன.

போன பிப்ரவரியில் அப்படியொரு நகரத்திலிருந்து, பஸ் வாங்கும் அதிகாரி ரொதியோன் வந்தார். வடக்கே, மைனஸ் நாற்பதில் கிடக்கும் சுரங்க நகரம். நாற்பது பஸ் வேண்டும். கோட்டுப் பையில் சீனக் கம்பெனியின் விலைப்பட்டியல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கைவிரித்தால் இரண்டாவது ஷிஃப்டை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. நூற்றிருபது பேர் வேலையிழந்து வீட்டுக்குப் போவார்கள். பஸ் பாகங்களைப் பூட்டும் பிரிவின் தலைவர் கிளெப் சவேல்யெவிச் அன்று காலை தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

மழை அறையில் நின்ற பஸ்ஸில், ரிம்மாவின் வழக்கமான அதட்டலைக் கேட்டுக்கொண்டே ஐந்து பேர் ஏறினார்கள். பதின்மூன்றாவது நிமிடம் ரிம்மா கண்ணைத் திறந்தார். அத்தனை இரைச்சலில் என்ன கேட்டதோ, எழுந்து நேராக முன்கதவுக்குப் போனார். கதவுக்கு மேலிருந்த விளிம்பில் ஒரே ஒரு சொட்டு தொங்கியது.

கிளெப் முந்திக்கொண்டார். "மூச்சு ஈரம்தான், ரிம்மா திகோனொவ்னா. இத்தனை பேரு உள்ள இருக்கோமே!"

ரிம்மா சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைத்தார். "மூச்சுக்கு ருசி கிடையாது, கிளெப். இதுல துரு கரிக்குது. நம்ம குழாய்த் தண்ணி."

சோதனைத் தாளில் 'திருப்பி அனுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளெப் காதருகே குனிந்தார். "ரெண்டாவது ஷிஃப்ட்ட நெனச்சுப் பாருங்க, தாயி."

"என் மருமகளும் அந்த ஷிஃப்ட்தான். நெனைக்காம இருப்பேனா?" ரிம்மா குரலைத் தணிக்கவே இல்லை. "அங்க மைனஸ் நாப்பது. இந்தச் சொட்டு அங்கபோய் உறைஞ்சா கதவு தெறக்காது. உள்ள பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க இருக்கும். யாரு போய்த் தெறப்பா, நீயா?"

கோபம் வர வேண்டிய இடத்தில் கிளெப்புக்குக் கும்பிடத் தோன்றியது. இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் இந்த அம்மாளை இன்றுதான் பார்க்கிறோமோ என்று இருந்தது.

எல்லோரும் இறங்க, பஸ் பின்வாங்கியது. அடுத்தது உள்ளே வந்தது. ரொதியோன் கிளெப்பின் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா எல்லா பஸ்ஸிலயும் உக்காருவாங்களா?"

"ஒண்ணு விடாம" என்றார் கிளெப்.

ரிம்மா ஏறிக் கடைசி சீட்டில் கம்பளியை விரித்தார். ரொதியோன் பின்னாலேயே ஏறினார். ரோமத் தொப்பியைக் கழற்றி கிளெப்பின் கையில் கொடுத்தார். உட்காரப் போனவர் ரிம்மாவின் அதட்டல் நினைவு வந்து நின்றார். கோட்டுப் பையிலிருந்த சீன விலைப்பட்டியலை உருவி, நான்காக மடித்து சீட்டில் போட்டு, அதன்மேல் அமர்ந்து, இரு உள்ளங்கைகளையும் கூரையை நோக்கி விரித்தார்.